அறுபது தடவைக்கு மேல் ஓட்டெடுத்தும் ஒபாமாகேர் ஏன் நிற்கிறது?

தேன்மொழி, கொலம்பஸ் | 2025 நவம்பர் 15, காலை 9.10

அமெரிக்க அரசின் 43 நாள் முடக்கம் புதன்கிழமை இரவோடு முடிந்தது. எதற்காக முடங்கியதோ அது மட்டும் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஒபாமாகேர் என்பது 2010இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அதன்படி சொந்தமாகக் காப்பீடு வாங்குபவர்களின் பிரீமியத்துக்கு 2021 முதல் கிடைத்துவந்த கூடுதல் மானியம் டிசம்பர் 31 அன்று தீர்கிறது. டிசம்பரில் செனட்டில் ஓட்டுக்கு விடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுக்கு விடுவது வேறு, நிறைவேற்றுவது வேறு.

நேற்று எங்கள் வாட்சப் குழுவில் ஒருவர், "மானியம் என்ன மானியம், அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று போட்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே எழுதினால் நாளைக்கு முகம் கொடுத்துப் பேச முடியாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2009இல் என் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. கம்பெனிக் காப்பீடும் கூடவே போயிற்று. சரி, நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று விண்ணப்பம் போட்டோம். பக்கம் பக்கமாகக் கேள்வி. கடைசியில் எனக்கு மட்டும் மறுத்து ஒரு கடிதம் வந்தது. காரணம் இரண்டே வரி: இரண்டாவது பிரசவம் சிசேரியன்; கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது. பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே அந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கிறது. 2014 ஜனவரிக்குப் பிறகு முழுக் காப்பீடு கேட்டு வருகிறவருக்கு அப்படி ஒரு கடிதம் அனுப்பக் கூடாது என்பது சட்டம். எனக்கு ஒபாமாகேர் என்றால் அதுதான்.

இதைத் தூக்க எத்தனை முயற்சி! சட்டம் நிறைவேறியது 2009 டிசம்பர் 24 அன்று செனட்டில் 60க்கு 39, அடுத்த மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட இல்லை. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்துப் போட்டார். பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சிக்குக் கைமாறிய சூட்டோடு 2011 ஜனவரியிலேயே ரத்து மசோதா 245க்கு 189 என்று நிறைவேறிற்று, செனட்டில் செத்தது. 2012இல் மறுபடி. 2013 அக்டோபரில் இதற்காகவே அரசை 16 நாள் முடக்கினார்கள். 2016 ஜனவரியில் ஒருவழியாக ஒபாமாவின் மேசை வரைக்கும் கொண்டுபோனார்கள், அவர் வீட்டோ செய்து நிராகரித்தார். முழு ரத்து, பாதி ரத்து, நிதி நிறுத்தம் எல்லாம் சேர்த்து அதற்குள் சபையில் அறுபது ஓட்டெடுப்புக்கு மேல் ஆகிவிட்டது.

இங்கே ரத்து வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறீர்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை. 15 வருஷம் ஆயிற்று. அந்த இடத்தில் என்ன வைக்கப்போகிறீர்கள்?

கடைக்காரர், ஹூஸ்டன் | நவம்பர் 15, காலை 11.42

தேன்மொழி, உன்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்தேன். அநியாயம்தான், அதில் பேச்சே இல்லை. என்னிடமும் ஒரு கடிதம் இருக்கிறது, அதையும் கேள்.

நான் மளிகைக்கடைக்காரன். எனக்குக் கம்பெனியும் கிடையாது, கம்பெனிக் காப்பீடும் கிடையாது. நானும் என் மனைவியும் சொந்தமாக ஒரு திட்டம் வாங்கி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் ஆகும், மலிவானது. "உங்கள் திட்டம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்" என்று ஒபாமா ஊர் ஊராகச் சொன்னார். 2013 இலையுதிர் காலத்தில், புதுச் சட்டப்படி இந்தத் திட்டம் செல்லாது என்று எனக்குக் கடிதம் வந்தது. என்னைப் போல லட்சக்கணக்கானவர்களுக்கு வந்தது. அந்த நவம்பரில் ஒபாமாவே தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? புதுத் திட்டத்துக்குப் பிரீமியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிடக்டபிள் தம்பதிக்கு 12,000 டாலர். அதாவது 12,000 நான் கட்டிய பிறகுதான் அவர்கள் கையைத் திறப்பார்கள்.

நான் ஒருவன் மட்டும் சொல்வதில்லை இது. காப்பீடு வாங்க மத்திய அரசு நடத்தும் இணையச் சந்தையைப் பயன்படுத்தும் மாநிலங்களில் 2013இல் தனிநபர் பிரீமியம் சராசரி மாதம் 232 டாலர், 2017இல் 476. சுகாதாரத் துறையே வெளியிட்ட கணக்கு. மானியம் வாங்கியவர்களுக்கு இது உறைக்கவில்லை. வருமானம் வரம்பைத் தாண்டிய என்னைப் போன்றவன் முழு விலையும் கட்டினான். 2014இலும் 2016இலும் ரத்து செய்வேன் என்றவர்களுக்கே ஓட்டுப் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன்.

புதியவன், டாலஸ் | நவம்பர் 15, மதியம் 1.05

அண்ணா, அக்கா, நான் இந்த நாட்டுக்கு வந்தே இரண்டு வருஷம்தான். ஒன்று புரியவில்லை. நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்பதை இரண்டு கட்சியும் ஆதரிக்கின்றன என்கிறார்கள். அப்படியானால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டியதுதானே? எதற்கு இத்தனை வருஷச் சண்டை?

கணக்கர், நியூஜெர்சி | நவம்பர் 15, மதியம் 2.30

தம்பி, எல்லாச் சிக்கலும் நீங்கள் கேட்ட அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் நெசவாளர் சங்கத்தில் மரண நிதி என்று ஒன்று இருந்தது. வாரம் ஒரு சிறு தொகை. வீட்டில் சாவு விழுந்தால் காரியச் செலவை நிதி பார்த்துக்கொள்ளும். சாவு விழுந்த அன்று வந்து சேர்கிறேன் என்றால் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால் அதற்கு முன்னால் யார் கட்டுவார்கள்? ஒரு வருஷம்கூட ஓடாது.

காப்பீடும் அப்படித்தான். நோயாளியை மறுக்கக் கூடாது, அதிக விலையும் சொல்லக் கூடாது என்று மட்டும் சட்டம் போட்டால், உடம்பு நன்றாக இருப்பவர் "முடியாமல் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுங்குவார். மிச்சம் இருப்பவர்கள் நோயாளிகள். விலை ஏறும், இன்னும் கொஞ்சம் பேர் போவார்கள், மறுபடி ஏறும். இது கற்பனையில்லை. எங்கள் நியூஜெர்சியில் தொண்ணூறுகளில் இப்படி ஒரு சட்டம் வந்து, விலை ஏறி, ஆள் குறைந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அதே காலத்தில் தனிநபர் காப்பீடு விற்கவே கம்பெனி இல்லாமல் போயிற்று.

அதனால்தான் ஒபாமாகேரில் மூன்று கட்டு: யாரையும் மறுக்கக் கூடாது; எல்லோரும் சேர வேண்டும், சேராவிட்டால் அபராதம்; முடியாதவருக்கு மானியம். இந்த யோசனையின் ஊற்று எங்கே தெரியுமா? எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பதை 1989இல் எழுதியது ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன், பழமைவாதிகளின் ஆய்வு மையம். 2006இல் மாசசூசெட்ஸில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ராம்னி, குடியரசுக் கட்சி ஆளுநர்.

இப்போது உங்கள் கேள்வி. மக்களுக்குப் பிடிக்காதது அபராதமும் செலவும். பிடித்தது முதல் கட்டு. பிடிக்காததை அவிழ்த்தால் பிடித்தது தானாகச் சரியும். 2017இல் சபை நிறைவேற்றிய மசோதாவால் 2026க்குள் காப்பீடு இல்லாதவர்கள் 2.3 கோடிப் பேர் கூடுவார்கள் என்றது சிபிஓ, அதாவது காங்கிரஸின் வரவுசெலவுக் கணிப்பு அலுவலகம். அதன் தலைவரை அந்தப் பதவியில் வைத்ததே குடியரசுக் கட்சிதான்.

கடைக்காரர், ஹூஸ்டன் | நவம்பர் 15, மாலை 4.15

கணக்கர் சார், மரண நிதி உதாரணம் நன்றாகவே புரிந்தது. ஆனால் 2017 டிசம்பர் வரிச் சட்டத்தில் அபராதத்தைச் சுழியமாக்கிவிட்டார்கள். 2019 முதல் அபராதம் கிடையாது. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் எல்லாம் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லையே?

கணக்கர், நியூஜெர்சி | நவம்பர் 15, மாலை 5.50

சரியான கேள்வி. எங்கள் தொழிலில் பலரும், நான் உட்பட, அபராதத்தின் பலத்தைக் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டோம். ஆட்களை உள்ளே பிடித்து வைத்தது மானியம்தான். பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் மானியம் வாங்குபவர் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் கட்டத் தேவையில்லை. ஏற்றத்தை அரசு தாங்கிக்கொண்டது. தாங்க ஆளில்லாமல் போனது மானிய வரம்புக்கு மேலே இருந்தவர்களுக்கு. அவர்களில் நிறையப் பேர் காப்பீட்டையே விட்டுப் போனார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் குறை உண்மை. சட்டத்தில் அந்த ஓட்டை முதல் நாளிலிருந்தே இருந்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வெகுநாள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் ரத்துக் கோஷத்துக்குத் தீனியாகும் என்ற பயம். 2021இல்தான் அடைத்தார்கள், அதுவும் தற்காலிகமாக. அந்த அடைப்புதான் இப்போது பிடுங்கிக்கொண்டு போகிறது.

வேல், பாஸ்டன் | நவம்பர் 15, இரவு 8.20

இரண்டு கட்சியும் காப்பீட்டுக் கம்பெனிகளை நடுவில் உட்காரவைத்துவிட்டுத்தான் சண்டை போடுகின்றன. 2009இல் அரசே நடத்தும் ஒரு காப்பீடு சந்தையில் போட்டிக்கு இருந்திருந்தால் விலை இப்படி ஏறியிருக்காது. செனட்டர் லீபர்மன் ஒருவரின் ஓட்டு தேவைப்பட்டது, அதற்காக அதை வெட்டினார்கள். 65 வயதில் கிடைக்கும் அரசுக் காப்பீடான மெடிக்கேரை எல்லா வயதுக்கும் கொடுங்கள், கணக்கு தீர்ந்தது. வரி கூடும், தெரியும். பிரீமியம் என்ற பெயரில் கட்டுவதை வரி என்ற பெயரில் கட்டுவோம்.

கபிலன், ஃபீனிக்ஸ் | நவம்பர் 15, இரவு 9.02

[மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | நவம்பர் 15, இரவு 9.30

கட்சியைத் திட்டலாம், எதிரே எழுதுபவரின் குடும்பத்தை இழுக்கக் கூடாது. மேலே உள்ள பதிவை அதற்காகத்தான் நீக்கினேன். கடைக்காரரும் தேன்மொழியும் பேசுகிற மாதிரி பேசினால் இழை திறந்தே இருக்கும்.

தேன்மொழி, கொலம்பஸ் | நவம்பர் 15, இரவு 11.15

அண்ணா, உங்கள் கடிதமும் என் கடிதமும் ஒரே எடைதான். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் குறையைச் சொல்லி ஓட்டு வாங்கியவர்கள் அதைத் தீர்க்க என்ன கொண்டுவந்தார்கள் என்று பாருங்கள்.

2017 ஜூலை 28, விடிகாலை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து, செனட்டை நேரலையாகக் காட்டும் சி-ஸ்பான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் அது மூன்றாவது ஓட்டு. மாற்றுத் திட்டத்தோடு ரத்து, 43க்கு 57 என்று தோற்றது. மாற்று இல்லாமல் ரத்து, 45க்கு 55. கடைசியாக எட்டே பக்கத்தில் ஒரு ஒல்லி மசோதா. அபராதத்தை எடுப்பதுதான் அதன் சாரம். அதனால் 1.6 கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள், பிரீமியம் 20 சதவீதம் ஏறும் என்று சிபிஓ சொல்லிவிட்டது. அதற்கு ஓட்டுப் போடச் சம்மதித்த செனட்டர்களே, இது சட்டமாகாது என்று சபை உறுதி தர வேண்டும் என்று கேட்டார்கள். தாங்களே சட்டமாக விரும்பாத ஒன்றுக்கு ஓட்டு.

ஒன்றரை மணி வாக்கில் குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கெயின் உள்ளே வந்தார். மூளைப் புற்றுநோய் என்று தெரிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, கண்ணுக்கு மேலே தையல் தெரிந்தது. அவர் கட்சியின் செனட் தலைவர் மெக்கானல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெக்கெயின் வலது கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே காட்டி "நோ" என்றார். யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. எதிர் வரிசையில் கைதட்ட ஆரம்பித்தவர்களை ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷூமர் கையசைத்து அடக்கினார். எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள் மூன்று பேர்: காலின்ஸ், முர்கவ்ஸ்கி, மெக்கெயின். 49க்கு 51. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

கடைக்காரர், ஹூஸ்டன் | நவம்பர் 16, காலை 7.20

நானும் அன்று விழித்துத்தான் இருந்தேன் தங்கச்சி. எனக்கு வந்தது வேறு. 2016இல் ஒபாமாகேரை எதிர்ப்பேன் என்று அரிசோனாவில் ஓட்டுக் கேட்டவர் மெக்கெயின். ஏழு வருஷம் சொல்லிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் கையைக் கவிழ்த்தால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

ஆனால் ஒன்றை நானும் மறைக்கக் கூடாது. அந்த மூன்று மசோதாவில் எதிலாவது என் பிரீமியம் குறைந்திருக்குமா என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். 50 வயதுக்கு மேல் போனவர்களுக்குக் கூடத்தான் செய்திருக்கும். இப்போதைய சட்டத்தில் முதியவரிடம் இளைஞரைப் போல மூன்று மடங்குதான் வாங்கலாம். அதை ஐந்து மடங்காக்கப் பார்த்தார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

மருத்துவர், மிச்சிகன் | நவம்பர் 16, காலை 10.40

சந்தைத் திட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சட்டத்தின் பாதி மெடிக்கெய்டு, அதாவது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு. வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள யாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது மூலச் சட்டம். 2012இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சட்டத்தைக் காப்பாற்றிய அதே தீர்ப்பில், மெடிக்கெய்டை விரிப்பது மாநிலத்தின் இஷ்டம் என்று சொல்லிவிட்டது. 2015இலும் 2021இலும் வழக்குகள் வந்தன, சட்டம் நின்றது. மெடிக்கெய்டு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் பிய்ந்துபோயிற்று. எங்கள் மிச்சிகனில் விரித்தவர் ஸ்னைடர், ஓஹாயோவில் கேசிக், இரண்டு பேருமே குடியரசுக் கட்சி ஆளுநர்கள். ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, மிசௌரி, தெற்கு டகோட்டாவில் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு வாங்கினார்கள். பத்து மாநிலம் இன்னும் விரிக்கவில்லை. டெக்சாஸ் அதில் பெரியது. காப்பீடு இல்லாதவர்கள் விகிதம் நாட்டிலேயே அங்கேதான் அதிகம்.

எமர்ஜென்சிக்கு வருகிறவரைக் காசில்லை என்று திருப்பக் கூடாது என்பது ரேகன் காலத்தில், 1986இல் வந்த சட்டம். ஆக, கடைசி நிமிஷத்தில் எப்படியும் பார்க்கிறோம். சர்க்கரை நோயில் கால் விரல் கறுத்த பிறகு வருகிறார்கள். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் செருப்பு மாற்றி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன்.

மீனா, அட்லாண்டா | நவம்பர் 16, மதியம் 12.15

பெற்றோரை அழைத்து வைத்திருப்பவர்கள் கவனிக்க. என் அம்மாவுக்கு 68 வயது, கிரீன் கார்டு வந்து மூன்று வருஷம். ஐந்து வருஷம் ஆகாமல் மெடிக்கேர் வாங்க முடியாது. இங்கே மெடிக்கெய்டும் கிடையாது. சந்தையில் மானியத்தோடு ஒரு திட்டம் வாங்கியிருந்தோம். அம்மா தனியாக வரி தாக்கல் செய்கிறார், வருமானம் மிகக் குறைவு. இந்த ஜூலையில் வந்த பெரிய சட்டப்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் இப்படிப்பட்ட குடியேறிகளுக்கு 2026 முதல் மானியம் இல்லை. எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு 2027 முதல் இல்லை. இதை யாரும் ரத்து என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு ரத்துதான்.

கடைக்காரர், ஹூஸ்டன் | நவம்பர் 16, மாலை 6.05

மருத்துவர் ஐயா சொன்னதிலிருந்து ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

என் கடையில் ஒரு பெண் வேலை செய்கிறது. குடியுரிமை உண்டு, கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். சர்க்கரை நோய். இன்சுலின் பாட்டிலை எங்கள் கடைப் பால் ஃப்ரிட்ஜில், மேல் தட்டில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கும். மாதக் கடைசியில் அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறது என்று என் மனைவி கண்டுபிடித்தாள். மெடிக்கெய்டு கேட்டால் வருமானம் அதிகம் என்கிறார்கள். மானியம் கேட்டால் குறைவு என்கிறார்கள். சம்பளம் கொடுப்பவன் நான். எனக்கே இது விளங்கவில்லை.

அப்புறம் என் கதை. எனக்கு 59, மனைவிக்கு 58. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷ வருமானம் 86,000 டாலர் என்று போட்டிருக்கிறேன். இந்த வருஷம் சில்வர் என்ற நடுத்தர வகைத் திட்டத்துக்கு மாதம் 609 கட்டினேன். அடுத்த வருஷத்துக்கு 2,300க்கு மேல் காட்டுகிறது. நான் ஓட்டுப் போட்ட கட்சி இதை இப்படி விடும் என்று நினைக்கவில்லை.

கணக்கர், நியூஜெர்சி | நவம்பர் 16, இரவு 8.45

கடைக்காரர் ஐயா, முதலில் உங்களுடையது. 2026க்கு இரண்டு பேர் குடும்பத்துக்கு மானிய வரம்பு 84,600 டாலர். வறுமைக் கோடு 21,150, அதில் நான்கு மடங்கு. நீங்கள் 1,400 டாலர் தாண்டி நிற்கிறீர்கள். அந்த 1,400க்காகத்தான் வருஷத்துக்கு ஏறக்குறைய இருபதாயிரம் டாலர் கூடுகிறது. சுயதொழில் செய்பவர் நீங்கள். எஸ்இபி ஓய்வூதியக் கணக்கில் 3,000 போடுங்கள். கணக்கில் வருமானம் 83,000 ஆகும். அப்போது அடிப்படை சில்வர் திட்டத்துக்கு வருமானத்தில் 9.96 சதவீதம், மாதம் 700க்குள். ஒரு எச்சரிக்கை: 2026 முதல், வருமானத்தைக் குறைத்துச் சொல்லி மானியம் வாங்கிப் பிறகு வரம்பைத் தாண்டினால் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். வருஷக் கடைசியில் கணக்கைப் பார்த்து இன்னும் கொஞ்சம் போட இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வருஷத்துக்கு எவ்வளவு வருகிறது?

கடைக்காரர், ஹூஸ்டன் | நவம்பர் 16, இரவு 9.10

மணிக்கு 14 டாலர், வாரம் 35 மணி. 50 வாரம் என்றால் வருஷத்துக்கு 24,500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கர், நியூஜெர்சி | நவம்பர் 16, இரவு 9.40

மூன்று பேர் குடும்பத்துக்கு வறுமைக் கோடு 26,650. டெக்சாஸ் மெடிக்கெய்டை விரிக்காததால், அந்தக் கோட்டைத் தொட்டால்தான் மானியம். அந்தப் பெண் 2,150 டாலர் கீழே நிற்கிறார். கோட்டைத் தாண்டிவிட்டால் மாதம் 50 டாலருக்குள் சில்வர் திட்டம் கிடைக்கும். இந்த வருமானத்துக்கு டிடக்டபிளும் வெகுவாகக் குறையும். வாரம் நான்கு மணி நேரம் கூடினால் 27,300 வரும்.

தேன்மொழி, கொலம்பஸ் | நவம்பர் 16, இரவு 10.05

நான்கு மணி நேரம். அண்ணா, டிசம்பர் 15க்குள் சேர்ந்தால்தான் ஜனவரி 1 முதல் நடப்புக்கு வரும்.

கடைக்காரர், ஹூஸ்டன் | நவம்பர் 17, காலை 6.50

நேற்று இரவே அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை காலை சரக்கு இறங்கும் நேரம், ஆறிலிருந்து பத்து வரை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், மனைவி பார்த்துக்கொள்வாள். இந்தச் சட்டம் மோசமாகத் தைத்தது என்ற என் எண்ணம் மாறவில்லை. கணக்கர் சார், விண்ணப்பத்தில் வருமானம் என்ற இடத்தில் அடுத்த வருஷத்துக்கு எதிர்பார்ப்பதைப் போட வேண்டுமா, இந்த வருஷச் சம்பளச் சீட்டையா?

கணக்கர், நியூஜெர்சி | நவம்பர் 17, காலை 7.30

அடுத்த வருஷத்துக்கு எதிர்பார்ப்பதை. புது நேர அட்டவணையைக் கடைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்து வையுங்கள். சரிபார்க்கக் கேட்டால் அதைக் காட்டலாம்.